அதே மீன்

“இன்னைக்கு நான் மாத்த மாட்டேன். சொல்லிட்டேன்.”

“மெதுவாப் பேசுட்டி. கீழ காதர் கடைக் கதவுப் பலகையை எடுத்துக்கிட்டு—”

“எடுக்கட்டும். அவருக்குத் தெரியாத கதையா—”

“—தெருவுல போறவன் வாரவன் காதுல விழும்னு சொல்லுதேன்—”

“விழட்டுமே! சாயங்காலம் ஆனா மைக்கு வச்சு ஊருக்கே சொல்லுதீங்க. நான் சொல்லுறது மட்டும் யார் காதுலயும் விழக்கூடாதாக்கும்.”

சுயம்புலிங்கம் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு அடுக்களை வாசலில் நின்றார். மறு கன்னம் மழித்தாகிவிட்டது. பாதி முகத்தோடு ஒரு மனிதர் எப்படிக் கோபப்பட முடியும்? அதனால் கெஞ்சினார்.

“இன்னைக்கு செவ்வாய்க்கிழமை வடிவு. கூட்டம் வரும்.”

“செவ்வாய்க்கிழமைன்னுதான் சொல்லுதேன். எனக்கு விரதம். விரதத்தன்னைக்குச் செத்த மீனை எடுத்துப் போட்டுட்டு, அதே கையால பூசை பண்ணணுமா?”

“கை கழுவினா போச்சு.”

“எதை வச்சு? உங்க தூளை வச்சா?”

அவர் திரும்பிப் போய்க் கண்ணாடி முன் நின்றுகொண்டார். சண்முகவடிவு தோசையைத் திருப்பினாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. இதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது. இதே பேச்சு இதே அடுக்களையில் தொடங்கும். இருவரும் மூச்சு வாங்கும் இடத்தில் நிற்கும். கடைசியில் அவள்தான் கீழே இறங்கிப் போவாள். இன்றும் இறங்கத்தான் போகிறாள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கத்துவதுதான் அலுப்பாக இருந்தது.

பின்பக்கச் சந்திலிருந்து குரல் வந்தது. “யக்கா! மீனு துள்ளிக்கினு கீது. சீக்கிரம் எறங்கி வாக்கா!”

தேவானை. அவள் புருஷன் அடையாற்று ஓரத்தில் வலை போடுகிறவன். கூடை மீனை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, உயிரோடு ஒரு கெண்டையை இங்கே கொண்டுவந்து தருவாள்.

“இன்னாக்கா, ஒண்ணே ஒண்ணு வாங்கறியே. ஒத்த மீனு எந்தக் கொயம்புக்குப் பத்தும்? அதுவும் உசுரோட வேணுன்ற.”

“திங்கறதுக்கு இல்ல தேவானை. கண்ணாடித் தொட்டியில விடத்தான்.”

“அதான் நானும் பாத்துக்கினு கீறேனே. நேத்து வுட்டது இன்னா ஆச்சு?”

சண்முகவடிவு டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“சரி சரி, நீ சொல்லாத. எங்கூட்டுக்காரு கேக்கறாரு, அந்தம்மா மீனு வளக்குதா, இல்ல மீனுங்களுக்குக் காரியம் பண்ணுதான்னு.”

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு, ஏன் வந்தது என்று இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு கடைக்குள் போனாள். வாசலை ஒட்டி, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி மேடை போட்டு, அதன் மேல் கண்ணாடித் தொட்டி. மேலே பச்சை எழுத்தில் பலகை: ‘குளத்தாமரை சலவைத் தூள். அழுக்குக்குப் பகை, ஆற்றுக்கு உறவு. இந்த மீன் குளத்தாமரை கலந்த நீரிலேயே வாழ்கிறது.’ பலகைக்கு நேர் கீழே மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கடைச் சிப்பந்தி காதர் அந்தப் பக்கம் பார்க்காமல் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். பார்க்க வேண்டாததைப் பார்க்க மாட்டார்.

இந்தப் பாடெல்லாம் பொன்ராஜால் வந்தது. பொன்ராஜ் சுயம்புலிங்கத்தின் சித்தப்பா மகன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கொட்டகை போட்டு சலவைத் தூள் கலக்கிக்கொண்டிருந்தான். சோடாவும் நுரை மருந்தும் போட்ட வெள்ளைத் தூள், எல்லாரும் செய்வதுதான். யாரும் சீந்தவில்லை. ஒரு நாள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “அண்ணாச்சி, பாத்தீங்களா? வெளிநாட்டுல சோப்புத் தூளால ஆறெல்லாம் நுரைச்சுக் கிடக்காம். மீனெல்லாம் சாவுதாம். சனங்க பயந்து கிடக்கு. நாம என்ன செய்யுதோம், நம்ம தூளு மீனைக் கொல்லாதுன்னு சொல்லுதோம்.”

“கொல்லாதா?” என்று கேட்டது சண்முகவடிவுதான்.

“கொல்லாது மதினி. இனிமே பச்சையா இருக்கும்லா.”

பச்சைச் சாயம் கலந்தான். பாக்கெட்டில் ஒரு தாமரை, இரண்டு இலை, துள்ளும் மீன் ஒன்று. கண்ணாடித் தொட்டியும் அவன் யோசனைதான். சுயம்புலிங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் மீனை விட்ட அன்று அவரும் நம்பத்தான் செய்தார். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு பிடித் தூளைப் போட்டுக் கலக்கினார். நுரைக்கு நடுவே மீன் மேலே வந்தது, கீழே போனது. கூட்டம் கை தட்டியது. அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. காலையில் மீன் செத்துக் கிடந்தது.

“வேற ஏதோ சீக்கு,” என்றார். இரண்டாவது மீனுக்கும் அதையே சொன்னார். மூன்றாவதற்குக் காரணம் தேடவில்லை. “தேவானைகிட்ட ஒண்ணு வாங்கி விட்டுரு,” என்றார்.

காப்பாற்ற முடியுமா என்று சண்முகவடிவு பார்க்காமல் இல்லை. கூட்டம் கலைந்ததும் நுரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் மாற்றியிருக்கிறாள். செவுள் வெந்ததுபோல வெளுத்திருக்கும். அதற்கு மேல் எந்தத் தண்ணீரும் உதவாது. ஆனால் கெண்டைக்குக் கெண்டை ஒரே முகம். மறுநாள் வந்து பார்ப்பவர்களுக்கு அது அதே மீன்தான்.

அந்த மீனுக்குப் பேர் வைத்தவர் விஜயலக்ஷ்மி டீச்சர்.

மயிலாப்பூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். தி.நகரில் ஒரு கூடத்தில் செவ்வாய்தோறும் பெண்களுக்கு முருகன் பாட்டு சொல்லிக்கொடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷத்தில் சண்முகவடிவை இந்தத் தெருவில் பேர் சொல்லி அழைத்தவர் கிடையாது. கடைக்காரம்மா, இல்லையென்றால் அண்ணாச்சி சம்சாரம். வகுப்பில் முதல் நாள் அவள் வாய் திறந்ததும், பக்கத்தில் இருந்தவர்கள் அவள் உச்சரிப்பைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்தான், “அந்தக் குரலுக்கு என்ன கொறைச்சல்? பின்னால ஒளிஞ்சுண்டு பாடாதீங்கோ. பேர் என்ன? சண்முகவடிவா! அவன் பேரையே வச்சுண்டு கடைசி வரிசையிலயா? வாங்கோ முன்னால,” என்றார். அன்றிலிருந்து செவ்வாய் என்றால் அவளுக்கு ஒரு பிடிமானம்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவளோடு கடை வரை நடந்து வருவார். தொட்டி முன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். டீச்சர் குனிந்து கண்ணாடியைத் தட்டுவார். “மீனாட்சி சௌக்கியமா?”

“சௌக்கியம்தான் டீச்சர்,” என்பாள் சண்முகவடிவு.

அதற்கு மேல் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்தச் செவ்வாய் மாலையும் டீச்சர் அப்படித்தான் கேட்டார், அவளும் அப்படித்தான் சொன்னாள். பிறகு டீச்சர் நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “ஒரு நல்ல சமாசாரம்,” என்றார்.

“சொல்லுங்க டீச்சர்.”

“எங்க தெருமுனைக் கோவில்ல அடுத்த மாசம் தெப்பம். ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் சேர்ந்து குளத்தங்கரைப் படியெல்லாம் தேச்சு அலம்பப் போறோம். பாசி வழுக்கறது பாருங்கோ, போன தடவை ஒரு மாமி விழுந்து இடுப்பு எலும்பு போயிடுத்து. எத்தனை வருஷமா தேங்கா நாரும் மணலுமா தேச்சு தேச்சுக் கை போறது. சோப்புங்கற பேச்சே எடுக்கப்படாது, குளத்துல சாமி மீன் இருக்கு, பொரி போட்டு வளர்த்ததுன்னு பெரியவாள்லாம் கட்டுப்பாடு வச்சிருக்கா. இந்தத் தடவை நான் எழுந்துண்டு சண்டை போட்டேன்!”

“என்ன சண்டை டீச்சர்?”

“எல்லா சோப்பும் ஒண்ணு இல்லை, குளத்தாமரைன்னு ஒண்ணு இருக்கு, மீன் அதுலயே வாழறதுன்னேன். பாக்கெட்டுல எழுதினா ஆச்சான்னு கேட்டார் எங்க ராஜகோபாலன் ஸார். எழுதினதைப் பாத்துண்டு சொல்லலை, வாராவாரம் என் கண்ணால பாத்துண்டிருக்கேன்னேன். அப்புறம் ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. எல்லாரும் சரின்னுட்டா. ரெண்டு மூட்டை வேணுமே, இருக்குமா?”

சண்முகவடிவு அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். “சரக்கு இல்ல டீச்சர்,” என்றாள்.

“அதோ அடுக்கியிருக்கே?”

“அது ஆர்டர்... வேற ஆளுக்கு. செங்கத்தூள் தாரேனே டீச்சர். நாருல தொட்டுத் தேச்சா வழுக்கல் போயிரும். பாசிக்கு அதுதான்—”

“செங்கத்தூளை வச்சுண்டு அத்தனை படியை எப்போ தேய்க்கறது?”

“இல்ல டீச்சர், கல்லுப் படிக்கு இது ஆவாது. வெளுத்துரும். நான் சொல்லுதேன் கேளுங்க—”

“யாருக்கு ஆவாது?” சுயம்புலிங்கம் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கோவில் குளம் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தது. “டீச்சரம்மா, ரெண்டு என்ன, நாலு மூட்டை கொண்டுபோங்க. சாமி காரியம். என் உபயம்.”

“அடடா, வேண்டாம் ஸார்—”

“அதெல்லாம் பேசக்கூடாது. ஒரே ஒரு போர்டு மட்டும் குளத்தங்கரையில வச்சுக்கிடுதோம். ‘தெப்பக்குளத்தைத் தூய்மையாக்குவது குளத்தாமரை’ன்னு. பொன்ராஜை ஒரு போட்டோக்காரனோட அனுப்புதேன்.”

“உங்காத்துக்காரர் பெரிய மனுஷர்,” என்று டீச்சர் சண்முகவடிவின் கையைப் பிடித்து அழுத்தினார். “ஞாயித்துக்கிழமை காலம்பற ரிக்‌ஷா கொண்டுண்டு வரேன்.”

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக் கடை ஓய்வில், அவள் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“அந்த மூட்டை போகக்கூடாது.”

“திரும்ப ஆரம்பிச்சிட்டியா?”

“அது குளங்க. தொட்டி இல்ல. செத்தா தேவானைகிட்ட வாங்கி விட முடியாது.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன். தொட்டி சின்னது, குளம் பெருசு. அவ்வளவு தண்ணியில கரைஞ்சு காணாமப் போயிரும்.”

“இது கோடை. தண்ணி கீழப் படிக்குப் போயிட்டுன்னு டீச்சர் சொன்னாக. கழுவுறது அத்தனையும் அந்தக் கொஞ்சத் தண்ணியிலதான் வந்து விழும்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “ஊருல எவன் வடிவு உள்ளதைச் சொல்லி விக்கான்? தலைக்குத் தேச்சா முடி முழங்காலுக்கு வளரும்ங்கான். குடிச்சா புள்ள கெட்டிக்காரனாவும்ங்கான். நான் ஒருத்தன் மட்டும்தானா?”

“அதெல்லாம் வேற. வளரலைன்னா அவளுக்கு முடி இல்ல, அவ்வளவுதான். நீங்க கேடில்லைன்னு சொல்லலைன்னா, ஒருத்தரும் இதைக் குளத்துப் பக்கமே கொண்டுபோக மாட்டாங்க. நாருலயும் மணல்லயும் தேச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. காலாகாலமா இருந்த கட்டுப்பாட்டை உங்க பலகைதான் உடைச்சிருக்கு.”

பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவர், “இப்பப் போயி என்னத்தைச் சொல்லச் சொல்லுத?” என்றார். கோபமே இல்லை. எத்தனையோ மாதமாகத் தூங்காதவர் குரல் மாதிரி இருந்தது. “அந்தம்மா ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாங்க. நான் சொன்னா கடை போச்சு. நீ சொன்னா உன் டீச்சர் போச்சு. யோசிச்சுக்கோ.”

அவள் யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பக்கம் அந்தக் குளம். இன்னொரு பக்கம், இந்தப் பட்டணத்தில் அவளைப் பேர் சொல்லி அழைக்கும் ஒரே வாய். வாயால் சொல்லாமல் காட்டிவிட முடியுமானால்? மீன் கிடக்கிற கிடையை டீச்சரே பார்த்துக்கொள்ளட்டும். பிறகு தானாக விளங்கிவிடும், மூட்டையும் போகாது, தான் சொன்னதாகவும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவானை சந்தில் வந்து கத்தினாள். சண்முகவடிவு ஜன்னலிலேயே நின்று, “இன்னைக்கு வேண்டாம்,” என்றாள்.

“இன்னாக்கா, பழசு பொழச்சுக்கிச்சா?”

“இல்ல. நீ போ.”

டீச்சர் சொன்னபடி சைக்கிள் ரிக்‌ஷாவோடு வந்துவிட்டார். மடிசாரை இழுத்துக் கட்டி, வேலைக்குத் தயாராக. காதரும் ரிக்‌ஷாக்காரரும் மூட்டைகளை ஏற்றினார்கள். சுயம்புலிங்கம் போர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வழக்கம்போல் தொட்டிப் பக்கம் குனிந்தார்.

“மீனாட்சி சௌ—”

குனிந்தவர் அப்படியே நின்றார். சண்முகவடிவு படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தெரிந்துவிடும். இப்போது கேட்டுவிடுவார்.

சுயம்புலிங்கம் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “வயசாயிட்டு டீச்சரம்மா. ராத்திரிதான் போச்சு. எத்தனை மாசம் அதுல கிடந்துச்சு! மீனுக்கு அதுதானே ஆயுசு.”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். “பாவம்,” என்றார். “எத்தனை மாசம் எல்லாரையும் சிரிக்க வச்சது. ஒரு வியாதி வெக்கை இல்லாம, இருந்த எடத்துலயே... புண்ணியம் பண்ணின ஜீவன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஸார், ஒரு வாழையெலை இருக்குமா?”

“எலையா? எதுக்கு?”

“குப்பையில போட மனசு வரலை. கோவில் வில்வமரத்தடியில புதைச்சுடறேன். அதால தானே இன்னிக்கு இந்தக் காரியம் நடக்கப்போறது.”

காதர் உள்ளேயிருந்து ஒரு இலைத்துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டார். மீன் கூடையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறவர். ஜென்மத்தில் மீனைத் தொடாத கை. அந்தக் கை தயங்கித் தயங்கி, நுரை வடியும் மீனைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து இலையில் வைத்தது.

சண்முகவடிவு கடைசிப் படி இறங்கினாள்.

“டீச்சர், அது மீனாட்சி இல்ல.”

“வடிவு,” என்றார் சுயம்புலிங்கம்.

“அது நேத்து வாங்கி விட்ட மீன். செவ்வாய்க்கிழமை நீங்க பாத்தது வேற மீனு. ஒரு நாளைக்கு மேல எதுவும் பிழைக்காது டீச்சர். பாதி நாள் விடியறதுக்குள்ள போயிரும். நான்தான் எடுத்துப் போட்டுட்டு வேற விடுவேன். அந்தத் தூளை வச்சுப் படியைக் கழுவாதீங்க.”

வெளியே ரிக்‌ஷாக்காரர் மணியை அடித்தார். “இன்னாம்மா, பூடலாமா? வெயிலு ஏறிக்கினு கீது.”

டீச்சர் இலையைக் கையில் ஏந்தியபடி பலகையை மேலே பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைபோல முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். அவர் போர்டைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, துடைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“மூட்டையை எறக்கிடுப்பா,” என்றார் டீச்சர்.

“இப்பத்தானே ஏத்துனோம்? ஏத்துறதா எறக்குறதா, ஒண்ணு கரீக்டா சொல்லும்மா!”

“எறக்கிடு.”

மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளாட்பாரத்தில் விழுந்தன. ஒன்றின் தையல் விட்டுப் பச்சைத் தூள் கொஞ்சம் சிந்தியது. டீச்சர் அதை மிதிக்காமல் ஒதுங்கி, இலையை மேடை மேல் வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சண்முகவடிவுக்குத் தோன்றியது. இரண்டு வார்த்தை திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் ஸ்ருதி எங்கே விலகியது என்று கேட்பாரே, அந்தக் குரலில்தான் கேட்டார்.

“அவர் வியாபாரி, அவரை விடுங்கோ. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் பக்கத்துலயே நின்னுண்டு, நான் மீனாட்சி சௌக்கியமான்னு கேக்கறச்சே, சௌக்கியம்தான் டீச்சர்னு சொன்னது நீங்கதானே, சண்முகவடிவு?”